தண்ணிக்குள்ளை நிண்டு ஒரு படம்

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்துப் பாமசியில் வேலை செய்யும் தர்சிகாவுக்குப் பயப்படுவதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. காஸ் அடுப்பை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து வெளிக்கிடுவாள்; ஒழுங்கை முடக்கு வரை போனதும், நிறுத்தினேனா இல்லையா என்ற ஐமிச்சம் பிடித்து ஸ்கூட்டியைத் திருப்புவாள். பக்கத்து வளவு நாய் வழமையை விடக் கொஞ்சம் கூடக் குரைத்தால் படலையடிக்குப் போய் எட்டிப் பார்ப்பாள். வருசக்கணக்காக ஒரே குளிசையை வாங்குகிறவருக்கும் பெட்டியில் உள்ள பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்த பிறகுதான் கையில் கொடுப்பாள். மருந்துக்கடைக்கு இது நல்ல குணம். முதலாளி சிவசுப்பிரமணியம் அதற்காகவே அவளை வேறு கடைக்குப் போகவிடாமல் வைத்திருந்தார். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது கரைச்சல்.

இப்படிப்பட்ட ஒருத்திக்குக் கடவுள் பார்த்துக் கடலுக்கு நடுவில் வேலை செய்கிற கணவனைக் கொடுத்தார். வாகீசன் ஏசி மெக்கானிக். ஏழாலையில் வெங்காயமும் மரவள்ளியும் வைக்கிற குடும்பத்துப் பிள்ளை. யாழ்ப்பாணம் ரவுனில் தொழில் பழகியவன். கல்யாணம் முடிந்த வருசமே ஒரு முகவர் மூலம் மாலைதீவுக்குப் போய்விட்டான். தலைநகரில் விமானத்தால் இறங்கி, இன்னொரு சின்ன விமானம் ஏறி, பிறகு படகும் பிடித்துப் போய்ச் சேர வேண்டிய ரிசோட் அது. வெள்ளைக்காரர் வந்து தங்குகிற அறைகள் தண்ணீருக்கு மேலேயே தூண் போட்டுக் கட்டியிருக்கும். அந்த அறைகளின் ஏசி பழுதுபட்டால் வாகீசன் போய்த் திருத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற தர்சிகா, அவனுடைய வேலைக்கு மட்டும் பயப்படவில்லை என்பதுதான் புதினம். குளிர் அறைக்குள் நின்று செய்கிற வேலை. வெயில் இல்லை, வாகன நெரிசல் இல்லை, அங்கே என்ன ஆபத்து வரப்போகிறது என்று அவள் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். அவளுடைய கவலை வேறு.

வாகீசனுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு. முதல் வருசம் முழுக்க அந்த லீவுகளை அவன் உடுப்புத் தோய்த்தும் நித்திரை கொண்டுமே கழித்தான். "என்ன செய்யிறியள்?" என்று கேட்டால் "படுத்திருக்கிறன்" என்பான். அடுத்த கிழமையும் அதே கேள்வி, அதே பதில்.

"உலகத்துச் சனமெல்லாம் காசைக் கொட்டிக்கொண்டு வருகுது. உங்களுக்குச் சும்மா கிடைச்சிருக்கு. ஒருக்கா வெளியிலை போய்ப் பாருங்கோவன்" என்று தர்சிகா நச்சரித்தாள்.

"பாப்பம்."

"பாப்பம் பாப்பம் எண்டு வருசம் ஒண்டு போச்சு."

அவளைப் பிழை சொல்லவும் முடியாது. கட்டி ஒரு வருசம்கூட ஒன்றாக இருக்கவில்லை. பாமசிக்கு வருகிறவர்கள் எல்லாரும் "அவர் எங்கை?" என்று கேட்பார்கள். "மாலைதீவிலை" என்றதும் அவர்களுடைய முகத்தில் வருகிற அந்த ஆச்சரியம்தான் அவளுக்கு மிச்சம். அந்த ஆச்சரியத்துக்குக் காட்ட ஒரு படமாவது வேண்டாமா?

பிறகு, என்ன நினைத்தானோ, படங்கள் வரத் தொடங்கின. கறுப்புக் கண்ணாடி போட்ட வாகீசன். பூப்போட்ட சேட்டு அணிந்த வாகீசன். அவனுக்குப் பின்னால் நீலமும் பச்சையுமாக ஒரு கடல். கூடவே, நடுக்கடலில் ஒரு மணல் திட்டு, துள்ளுகிற மீன், ஆமை என்று வேறு படங்கள். தர்சிகா வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவற்றை வட்ஸ்அப் ஸ்டேட்டசில் போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய கிழமையில் அதுதான் திருவிழா.

அந்தத் திருவிழாவில் கல் எறிந்தது கனடாவில் இருக்கிற மச்சாள். "என்னடி, உன்ரை மனிசன் எல்லாப் படத்திலையும் பலகையிலையே நிக்கிறார்? ஒரு படத்திலையும் கால் நனையேல்லை. தண்ணிக்குப் பயமோ?" என்று எழுதி, கீழே சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தாள்.

தர்சிகா எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தாள். மச்சாள் சொன்னது சரி. வாகீசன் நின்ற இடமெல்லாம் இறங்குதுறைப் பலகை. கடலும் ஆமையும் இருந்த படங்களில் அவன் இல்லை. அவளுக்கு முகம் சுட்டது. புதன்கிழமை அவன் கதைத்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"இந்தக் கிழமை தண்ணிக்குள்ளை நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. ஆழத்துக்குப் போகவேண்டாம். இடுப்பளவு தண்ணி காணும்."

"சரி" என்றான் அவன்.

அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கல்யாணத்துக்கு முதலே மாமியார் பாலேஸ்வரி சொல்லிச் சிரித்த கதை அது. வாகீசனின் தகப்பன் கதிரவேலுவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனபோது, கொள்ளி வைத்த மகன் கடலில் இறங்கி முழுக வேண்டும். வாகீசன் முழங்கால் வரை இறங்கியவன் அதற்கு மேல் அசையவில்லை. ஐயர் சத்தம் போட்டார், மாமன்மார் சத்தம் போட்டார்கள். கடைசியில் ஒரு மாமன் வாளியால் அள்ளி அவன் தலையில் ஊற்றித்தான் கடமையை முடித்தது. கீரிமலைக் கேணிக்குள்ளும் அவன் இறங்கியதில்லை. படியில் இருந்து வாளியால் குளித்துவிட்டு வருகிற ஆள். தர்சிகாவும் அந்தக் கதைக்குச் சிரித்தவள்தான். தெரிந்துகொண்டுதான் அந்தப் படத்தைக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் தோய்ந்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றபோது வாகீசன் கோல் எடுத்தான்.

"தர்சி, நானும் ஜெயசுதனும் ஒரு இடத்துக்கு வெளிக்கிடுறம்." ஜெயசுதன் அவனுடைய அறைக்காரன். சாவகச்சேரிப் பெடியன், ரிசோட் குசினியில் வேலை.

"தூரமோ?"

"இல்லை, கிட்டத்தான்."

"கவனமாப் போட்டு வாங்கோ."

"ம்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது என்று அவளுக்குப் பட்டது. பட்டாலும், எல்லாம் ஒரு மாதிரியாகப் படுவது அவளுடைய வழக்கம் என்பதால் அதைப் பெரிதாக எடுக்காமல் வேலைக்குப் போனாள்.

பாமசியில் சனம் குறைந்த நேரங்களில் முதலாளி சிவசுப்பிரமணியம் போனில் செய்தி வாசிப்பார். மனதுக்குள் வாசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மத்தியானத்துக்குக் கிட்டவாக, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"மாலைதீவிலை போட் ஒண்டு பிரண்டிட்டுதாம். லீவிலை கடலுக்குச் சுத்திப் பாக்கப் போன வேலையாக்களாம். எங்கடை நாட்டுப் பெடியளும் ஏறினவையாம். கொஞ்சப் பேரைக் காணேல்லையாம்."

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் நிற்பது யார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. "அது வேறை எங்கையேன் இருக்கும் பிள்ளை. அங்கை எத்தினை தீவு" என்று அவசரமாகச் சொன்னார். எந்தத் தீவு என்று அந்தச் செய்தியில் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. பெயர் போட்டிருந்தால் அழவோ மூச்சு விடவோ ஒரு வழி இருந்திருக்கும்.

தர்சிகா கையில் இருந்த பாணிமருந்துப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு வாகீசனுக்கு அடித்தாள். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. வட்ஸ்அப்பில் எழுதினாள், ஒற்றைச் சரி அடையாளம் விழுந்து அப்படியே நின்றது. ஜெயசுதனுடைய இலக்கத்துக்கு அடித்தாள், அதுவும் அப்படித்தான். அவசரத்தில் ஒருமுறை வேறு யாருக்கோ போய்விட்டது.

கூட வேலை செய்கிற றொசாந்தி ஓடிவந்தாள். குருநகர்ப் பெட்டை, பஸ் ஏறி வேலைக்கு வருகிறவள். அவளுடைய கணவன் றஜிந்தன் தொழிலுக்குப் போகிற ஆள், அதாவது மீன்பிடிக்க.

"இருங்கோ அக்கா, முதல்லை அந்த ரிசோட் ஒபிசுக்கு எடுங்கோ. நம்பர் இருக்கோ?"

இருந்தது. அவசரத்துக்கென்று வாகீசன் கொடுத்துவிட்டுப் போனது. இவ்வளவு நாளும் அதற்கு அவசரம் வரவில்லை. மறுபக்கம் ஒரு பெண் மிகவும் இனிமையான இங்கிலீசில் கதைத்தாள். தர்சிகா தனக்குத் தெரிந்த இங்கிலீசை ஒன்றுசேர்த்து, புருசனின் பெயரைச் சொல்லி, இன்று வெளியே போனவன் எங்கே என்று கேட்டாள். லீவு நாளில் வேலைக்காரர் தாங்களாகவே வெளிப் படகு பிடித்துப் போவார்கள், ஒபிசில் அதற்குப் பதிவு இல்லை என்றாள் அந்தப் பெண். இன்று மணல் திட்டுக்கு ஒரு படகு போயிருக்கிறது, தூண்டில் போட ஒன்று போயிருக்கிறது, ஊர்த் தீவுக் கடைகளுக்கு ஒன்று போயிருக்கிறது. உங்கள் கணவர் எங்கே போவதாகச் சொன்னார்? சொன்னால் அந்தப் படகுக்காரரைக் கேட்கலாம்.

எங்கே போனான்? அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பாள்? வெளிக்கிடுகிற ஆளிடம் "எங்கை போறியள்?" என்று கேட்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்பதை இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் அடி வாங்கிப் படித்திருக்கும். போகிற காரியம் சரிவராது. போன ஆளுக்கு ஏதாவது நடந்துவிடும். அதனால் "தூரமோ?" என்று மட்டும் கேட்போம். போகிறவர் விரும்பினால் இடத்தைச் சொல்லுவார், விரும்பாவிட்டால் "கிட்டத்தான்" என்றுவிட்டு நடப்பார். மருந்துப் பெட்டியை இரண்டு தரம் வாசிக்கிற தர்சிகா அதில் இன்னும் கண்டிப்பு. இப்போது அந்த இங்கிலீசுக்காரிக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? "ஐ டோன்ட் நோ" என்றாள். கட்டின மனிசி இவ்வளவு கூடத் தெரியாமல் இருக்கிறாளே என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். ஏதாவது தெரிந்தால் அறிவிக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"நாங்களும் வெளிக்கிடேக்கை கேக்கிறேல்லை அக்கா" என்றாள் றொசாந்தி. "அதுக்காக முதல் நாள் ராவே கேட்டு வைச்சிடுவம், எந்தப் பக்கம் வலை போடுறியள் எண்டு."

அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அது குத்தியது. கடலோடு வாழ்கிறவர்கள் பயத்துக்கும் வழக்கத்துக்கும் நடுவில் ஒரு புத்தி வைத்திருக்கிறார்கள். தோட்டக்காரர் வீட்டில் அதற்குத் தேவை இருக்கவில்லை.

றொசாந்தி வாசலுக்குப் போய்த் தன் கணவனுக்கு அடித்துக் கதைத்தாள். அப்படியான படகு எப்படிப் பிரளும், பிரண்டால் என்ன ஆகும் என்று கேட்டிருப்பாள் போல. "ம்... ம்... சரி, வைக்கிறன்" என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது. திரும்பி வந்தவள் றஜிந்தன் சொன்னது எதையும் சொல்லாமல் பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். "அந்தோனியாருக்கு மெழுகுதிரி வைக்கிறன் எண்டு நேந்திருக்கிறன். குடியுங்கோ." தர்சிகா அந்தத் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுத் திரும்பவும் வாகீசனுக்கு அடித்தாள்.

வீட்டில் கொண்டுபோய் விடட்டோ என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்று ஸ்கூட்டியை எடுத்தாள். றெயில்வே கேற் பூட்டியிருந்தது. கோச்சி வருகிறதாம். பக்கத்தில் வெங்காயம் ஏற்றிய லான்ட்மாஸ்டர் ஒன்று படபடவென்று புகை விட்டுக்கொண்டு நின்றது. தர்சிகா கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் வாகீசன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். போனைப் பிடித்தபடி, இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ என்று சொல்லிக்கொண்டு நின்றவள் அவளேதான். பின்னால் ஹோர்ன் அடித்த பிறகுதான் கேற் திறந்தது தெரிந்தது.

வீட்டில் பாலேஸ்வரி வெங்காயத்தைக் குவித்து வைத்துத் தாள் வெட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை விரதம், இன்னும் சாப்பிடவில்லை. மாமியாரிடம் சொல்லவேண்டும் என்ற நினைப்பே தர்சிகாவுக்குப் பெரிய கிலியாக இருந்தது. "உவனுக்குக் கடல் ஒத்துவராது பிள்ளை, அவன்ரை பாட்டிலை விடு" என்று அவர் எத்தனையோ தரம் சொல்லியும் கேட்காதவள் அவள். போர்ட்டிக்கோவில் ஸ்கூட்டியை விட்டுவிட்டு, ஹெல்மெட்டையும் கழற்றாமல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

பாலேஸ்வரி கத்தியை வைத்தார். "எங்கை போறன் எண்டவன்?"

"தெரியாது மாமி. தூரமோ எண்டுதான் கேட்டனான்."

அதற்காக அவர் குறை சொல்லவில்லை. அவராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். பிறகு எதிர்பாராத விதமாகச் சிரித்தார்.

"அவனோ? கடலுக்கோ? சும்மா இரு பிள்ளை. உவன் அங்கை போய் ஒருக்காலும் ஒரு இடத்துக்கும் போகேல்லை."

தர்சிகாவுக்கு விளங்கவில்லை.

"அந்தப் படமெல்லாம் பொய். ஜெயசுதன் போற இடத்துக்கு இவன்ரை போனைக் குடுத்துவிடுவான். அவன் கடலைப் படம் எடுத்துக்கொண்டு வருவான். இவன் பின்னேரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பலகையிலை நிப்பான். லீவு எண்டா அறைக்குள்ளை படுக்கைதான். இண்டைக்கும் போன் கடலுக்குப் போயிருக்கும், இவன் நித்திரை கொள்ளுவான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குச் சொல்லுவான். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவன். தர்சி ஆசையாப் போடுறாள் அம்மா, கெடுக்காதேங்கோ எண்டவன்."

அந்தக் கணத்தில் தர்சிகாவுக்கு வந்தது மூச்சா அழுகையா என்று அவளுக்கே தெரியாது. உயிரோடு இருக்கிறான் என்ற ஆறுதல் ஒருபக்கம். தாய்க்குச் சொன்னதைத் தனக்குச் சொல்லவில்லையே என்ற எரிச்சல் மறுபக்கம். இத்தனை வெள்ளிக்கிழமையும் ஸ்டேட்டசில் போட்டுச் சிலுப்பியதெல்லாம் கண்முன் வந்தது. கதிரையில் இருந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். கழற்றும்போதே மற்றது ஞாபகம் வந்து, கை அப்படியே நின்றது.

"மாமி... இந்த முறை நான் தண்ணிக்குள்ளை நிண்டு ஒரு படம் கேட்டனான்."

பாலேஸ்வரியின் முகத்தில் இருந்த சிரிப்பு இல்லாமல் போனது. வெங்காயத் தாளை மடியிலிருந்து தட்டிவிட்டு எழும்பினார்.

"கேட்டனியோ? அவன் என்னவாம்?"

"சரி எண்டவர்."

"அப்ப போயிருப்பான்" என்றார் பாலேஸ்வரி. "நீ கேட்டா அவன் போவான்."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. கைகழுவிவிட்டுச் சாமியறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. உள்ளே சத்தமும் இல்லை. தர்சிகா போனை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி இருந்தாள். சோறு ஆறிப்போய்க் கிடந்தது. ஒற்றைச் சரி ஒற்றைச் சரியாகவே நின்றது. ஒரு முட்டாள் மச்சாளின் சிரிப்புக்காக ஒரு மனிசனைத் தண்ணீரில் தள்ளிவிட்டேனே என்று நினைத்தாள். மச்சாள் முட்டாள் அல்ல, தான்தான் முட்டாள் என்றும் நினைத்தாள். முருகா, அந்தப் படமும் வேண்டாம், ஒரு படமும் வேண்டாம், ஆளைத் தா என்று கேட்டாள். செய்தியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். காணாமற்போனவர்களைத் தேடுகிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒரு வரியும் ஏறவில்லை.

வெயில் சாய்ந்து, கோயிலில் பின்னேரப் பூசைக்கு மணி கேட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வாகீசனின் இலக்கம்.

"என்ன தர்சி, இத்தினை கோல்? ஜெயசுதன் இப்பத்தான் போனைக் கொண்டுவந்து தந்தவன். அம்மாவுக்கு ஏதும் சுகமில்லையோ?"

அவள் ஓவென்று அழுதாள். பாலேஸ்வரி சாமியறையிலிருந்து ஓடிவந்து, அழுகையைக் கேட்டு நெஞ்சில் கைவைத்து, போனைப் பறித்து, "தம்பி?" என்று கேட்டு, அவனுடைய குரலைக் கேட்டவுடன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு போனைத் திருப்பித் தந்தார். அன்றைய விரதத்தை அவர் அப்போதுதான் ஒரு மிடறு தண்ணியோடு முடித்தார்.

"நீங்கள் போகேல்லையோ?"

"போகத்தான் வெளிக்கிட்டனான். போட்டிலை ஏறி இருந்தனான். சட்டையும் கட்டித் தந்தவங்கள், அந்த மிதக்கிற சட்டை. கயிறு அவிழ்க்கேக்கை ஏலாமல் போச்சு. இறங்கிட்டன். எல்லாரும் சிரிச்சவங்கள். ஜெயசுதனுக்குத்தான் பாவமாப் போய், போனைத் தாடா, நானாவது எடுத்துக்கொண்டு வாறன் எண்டவன். பேந்து அறையிலை வந்து படுத்திட்டன்." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கு அந்தப் படம் இல்லை தர்சி. குறை நினையாதை" என்றான்.

குறை நினையாதை. பகல் முழுக்க இவனைச் சாகக் கொடுத்துவிட்டு இருந்தவளிடம் அவன் கேட்டது இதைத்தான். படகு பிரண்ட செய்தியை அவள் சொன்னாள். அது தெற்கே எங்கேயோ தூரத் தீவில் நடந்தது, இப்போதுதான் இங்கே கதைக்கிறார்கள் என்றான் அவன்.

"இனி எங்கையும் போகவேண்டாம். லீவெண்டா அறையிலையே படுங்கோ. நான் கேக்கமாட்டன். வேலை நாளிலை எனக்குப் பயமில்லை, நீங்கள் உள்ளுக்குள்ளைதானே."

மறுபக்கத்தில் அவன் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பில்லை அது.

"வேலை நாளிலைதான் தர்சி கடல். நாங்கள் இருக்கிறது வேறை தீவு. ரிசோட் வேறை தீவு. ஒவ்வொரு நாளும் காலமை வள்ளத்திலை போய்ப் பின்னேரம் வள்ளத்திலை வரவேணும். காத்துக்காலத்திலை வள்ளம் சரிஞ்சு சரிஞ்சு போகும். நான் நடுவிலை இருந்து கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளுவன். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் தண்ணியிலை ஏறாமல் இருக்கலாம். அதுதான் படுத்திருக்கிறனான்."

ஸ்கூட்டியில் வேலைக்குப் போய், சிரித்து, மருந்து கொடுத்து, அவன் குளிர் அறைக்குள் நிற்கிறான் என்று நிம்மதியாக இருந்த நாளெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருக்கிறான். பயப்படவேண்டிய நாட்களை விட்டுவிட்டு, அவன் நித்திரை கொண்ட ஒரே நாளைப் பிடுங்கித் தின்றிருக்கிறாள். அவளுக்குத் தன்மீது அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அவனுடைய சம்பளத்தை நம்பிக் கட்டத் தொடங்கி அரைவாசியில் நிற்கிற வீடு, பாமசியில் கேட்கிற சனம், கனடா மச்சாள் எல்லாம் ஒருமுறை மனதில் வந்து போயின.

"வேலையை விட்டிட்டு வாங்கோ" என்றாள்.

சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். இல்லை. பிறகுதான் கேட்டது, அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவன் அழுததை அவள் கேட்டதில்லை.

"நீ ஒருக்கா இதைச் சொல்லுவாய் எண்டு எவ்வளவு நாளாப் பாத்துக்கொண்டிருந்தனான் தெரியுமோ" என்றான். "நானாக் கேட்டா நீ சனத்துக்கு முன்னாலை எப்பிடி நிப்பாய் எண்டு யோசிச்சனான்."

"சனம் கிடக்கட்டும். எப்ப வாறியள்?"

"விடுறதெண்டா ஒரு மாசத்துக்கு முன்னம் சொல்லவேணும். அதுமட்டும் வேலைக்குப் போகத்தானே வேணும்."

அதுவரைக்கும் வள்ளமும் ஏறத்தான் வேண்டும். அவன் அதைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"ஏறேக்கை எனக்கு எடுங்கோ" என்றாள் தர்சிகா. "இறங்குமட்டும் கதைச்சுக்கொண்டிருப்பம்."

அடுத்த நாள் சனிக்கிழமை, கிணற்றடியில் இன்னும் ஈரம் காயாத காலமையில் போன் அடித்தது. எடுத்ததும் எஞ்சின் சத்தம். அதற்குள் அவனுடைய மூச்சு, வேகமாக.

"ஏறிட்டன்."

"கம்பியைப் பிடிச்சிருக்கிறியளோ?"

"ஓம்."

தர்சிகா குரலை நடுங்கவிடாமல் கதைக்கத் தொடங்கினாள். மாமி நேற்று இரவு மூன்று தோசை சாப்பிட்டவ. பாமசி முதலாளி இனிமேல் மனதுக்குள் செய்தி வாசிக்கிறாராம், காலமை எழும்பினவுடனே மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறார். கத்தரிக்குப் பூச்சி விழுந்துவிட்டது. பின்வளவு வேலியில் பக்கத்து வீட்டு மாடு வந்து... அந்தப் பக்கம் ஏதோ பெரிதாக அடித்த சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். வாயில் இருந்த சொல் வாயிலேயே நின்றது.

"நிப்பாட்டாதை" என்றான் வாகீசன். "கதை."